ஸ்கேன் எடுத்த பாட்டிக்கு ஏன் இரண்டு முறை ரத்தப் பரிசோதனை?

மாணவர்களே, உங்கள் பாட்டிக்கு மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை. இரண்டு நாள் கழித்து இன்னொன்று. "வயிற்றைத்தானே படம் எடுத்தார்கள்? சிறுநீரகத்தை ஏன் சோதிக்கிறார்கள்?" என்று பாட்டி கேட்டால் என்ன சொல்வீர்கள்?

காரணம், ஸ்கேனுக்காக ரத்தக் குழாயில் செலுத்தப்படும் கான்ட்ராஸ்ட் சாயம். அதில் அயோடின் இருக்கிறது. அயோடினின் அணு எண் 53. கார்பனுக்கு 6, ஆக்சிஜனுக்கு 8. கனமான அணு என்பதால் அது ஊடுகதிரை நன்றாகத் தடுக்கிறது. ரத்தக் குழாய்கள் படத்தில் வெள்ளையாகத் தெரிகின்றன. பிறகு இந்தச் சாயத்தை உடலிலிருந்து வெளியேற்றுவது சிறுநீரகம்தான்.

பெரும்பாலோருக்கு இதனால் தொல்லை இல்லை. ஏற்கெனவே சிறுநீரகம் பலவீனமானவர்களுக்குப் பாதிப்பு ஏற்படலாம். ஆரம்பத்தில் வலி தெரியாது. அதனால்தான் ரத்தப் பரிசோதனை.

தசை தரும் தடயம்

நம் தசைகள் கிரியேட்டினின் என்ற கழிவை நாள்தோறும் உண்டாக்குகின்றன. சிறுநீரகம் அதை வடிகட்டுகிறது. வடிகட்டுவது குறைந்தால் ரத்தத்தில் அதன் அளவு கூடும்.

முதியவர்களிடம் இங்கே ஒரு சிக்கல் உண்டு. வயதானால் தசை குறைகிறது, கழிவும் குறைகிறது. இருவர் மட்டுமே வாழும் வீட்டில் குப்பை லாரி தாமதமாக வந்தாலும் தொட்டி நிரம்பாது அல்லவா? அப்படித்தான்.

ஓர் எண்ணைப் பாருங்கள். ரத்தத்தில் கிரியேட்டினின் லிட்டருக்கு 80 மைக்ரோமோல். சிகேடி-இபிஐ 2021 சூத்திரத்தின்படி, 20 வயது இளைஞரின் சிறுநீரகம் நிமிடத்திற்குச் சுமார் 125 மில்லிலிட்டர் வடிகட்டுகிறது. அதே 80 உள்ள 80 வயதுப் பாட்டிக்கோ சுமார் 64தான்!

ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும்

எனவே மருத்துவர்கள் ஓர் எண்ணை மட்டும் நம்புவதில்லை. 48 மணி நேரத்திற்குள் 26.5 மைக்ரோமோல் கூடினாலோ, 7 நாளுக்குள் ஒன்றரை மடங்கானாலோ, அது திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு. ஸ்கேனுக்கு முன் 52 இருந்து இரண்டு நாளில் 80 ஆனால், அது ஆபத்து அறிகுறி. முதல் பரிசோதனை இல்லாவிட்டால் அந்த 80 சாதாரணமாகவே தோன்றியிருக்கும்.

கிரியேட்டினின் மெதுவாகத்தான் கூடும். ஆகவே, பாதிக்கப்பட்ட செல்கள் சில மணி நேரத்திலேயே வெளியிடும் என்ஜிஏஎல் போன்ற புரதங்களையும் விஞ்ஞானிகள் ஆராய்கிறார்கள்.

பாட்டி பயந்து ஸ்கேனைத் தவிர்க்க வேண்டாம். நோயைக் கண்டுபிடிக்காமல் விடுவதும் ஆபத்தே. நீங்கள் துணைக்குப் போனால், பழைய ரத்தப் பரிசோதனை அறிக்கையையும் மருந்துப் பட்டியலையும் எடுத்துச் செல்லுங்கள். வலி மாத்திரையோ நீரிழிவுக்கான மெட்ஃபார்மினோ சாப்பிட்டால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

சிந்தியுங்கள்: கட்டுமஸ்தான பளுதூக்கும் வீரருக்குக் கிரியேட்டினின் சற்று அதிகம். அவருடைய சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று உடனே சொல்லலாமா?