பேட் டில்மன்: ஒரு தாய் கேட்ட கணக்கு

போரில் இறந்த வீரரின் நினைவைப் போற்றும் கடமை அரசுக்கும் உண்டு, குடும்பத்துக்கும் உண்டு. ஆனால் மரணம் நேர்ந்த விதத்தையே அரசு மறைத்துவிடும்போது அவ்விரண்டும் எதிரெதிரே நிற்க நேரிடுகிறது என்பதற்கு, 2004 ஏப்ரல் 22 அன்று ஆப்கானிஸ்தானின் கோஸ்ட் மாகாணத்தில் உயிரிழந்த அமெரிக்க வீரர் பேட் டில்மனின் வரலாறு வேதனையான சான்றாகும். அரிசோனா கார்டினல்ஸ் அணிக்காக அமெரிக்கக் கால்பந்து ஆடிவந்த அவர், 36 லட்சம் டாலர் ஒப்பந்தத்தை வேண்டாமென்று ஒதுக்கிவிட்டு, 2002இல் தம்பி கெவினுடன் தரைப்படையில் சேர்ந்து, திடீர்த் தாக்குதல்களுக்கெனத் தனிப்பயிற்சி பெறும் சிறப்புப் படையான ரேஞ்சர் பிரிவில் இடம்பெற்றார்.

பழுதாகி நின்ற ஒரு ஹம்வீ வண்டியை இழுத்துச் செல்வதற்காக, களத்திலிருந்த இளம் அதிகாரி ஆட்சேபித்தும், அவர்களது படையணி அன்று இரண்டாகப் பிரிக்கப்பட்டது. கெவின் இருந்த பின்பகுதி குறுகிய மலையிடுக்கில் தாக்குதலுக்கு உள்ளானதை அறிந்ததும், முன்பகுதியில் சென்ற டில்மன் அவர்களுக்கு உதவ மேட்டில் ஏறினார். இடுக்கிலிருந்து வெளிவந்த வண்டியில் இருந்தவர்களோ அவருடன் நின்ற ஆப்கன் படையாளை எதிரியென்று எண்ணிச் சுட்டனர். தாங்கள் சொந்தப் படையினரே என்று உணர்த்த டில்மன் புகைக்குண்டை வீசிய பிறகும் சூடு மீண்டும் தொடர்ந்தது. அவரது நெற்றியில் மூன்று குண்டுகள் பாய்ந்தன. அந்த ஆப்கன் படையாளும் அதே மேட்டில் இறந்தார். அமெரிக்க நினைவுகூரல்களில் அவர் பெயர் அரிதாகவே ஒலிப்பது ஒரு பெருங்குறையாகும்.

சொந்தப் படையின் குண்டுக்கே வீரர் பலியாவது போர்க்களங்களில் புதிதன்று, அதை மன்னிக்கவும் இயலும். இங்கு மன்னிக்க இயலாதது அதன்பின் நடந்ததுதான். டில்மனின் சீருடையும் கவச உடையும் எரிக்கப்பட்டன. எதிரியின் முன் காட்டிய வீரத்துக்குரிய வெள்ளி நட்சத்திரப் பதக்கம் அறிவிக்கப்பட்டது. சொந்தப் படையினரின் குண்டே அவரைக் கொன்றிருக்கக்கூடும் என்றும், அதிபர் அறியாமல் வேறுவிதமாகப் பேசிவிட்டால் சங்கடம் நேரும் என்றும் எச்சரிக்கும் செய்தியை ஜெனரல் ஸ்டான்லி மெக்கிறிஸ்டல் ஏப்ரல் 29 அன்றே மேலிடத்துக்கு அனுப்பியிருந்தும், மே 3 அன்று தொலைக்காட்சியில் ஒளிபரப்பான அஞ்சலிக் கூட்டத்தில், எதிரியின் குண்டுக்கு அவர் பலியானதாகவே சொல்லப்பட்டது. அதை உண்மையென நம்பி அங்கே பேசியவர், டில்மனின் நண்பரான கடற்படைச் சிறப்பு வீரர். குடும்பத்துக்கு உண்மை தெரியவந்தபோது மே மாதமே முடியும் தறுவாயில் இருந்தது.

அங்கிருந்துதான் தாய் மேரி டில்மனின் நெடும்பணி தொடங்குகிறது. பெயர்கள் மையிட்டு மறைக்கப்பட்ட ஆயிரக்கணக்கான விசாரணைப் பக்கங்களைப் படித்து, சாட்சியங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, முரண்களைக் குறித்து, அவர் மீண்டும் மீண்டும் விசாரணை கோரினார். இறந்த மகனின் புகழுக்கு இது இழுக்கு என்று எண்ணுவோர் இருக்கலாம். உண்மையில், அவருக்குச் செலுத்தப்பட்ட அஞ்சலிகளில் இதைவிட மேலானது எதுவுமில்லை. ஒவ்வோர் ஏப்ரலிலும் டெம்பி நகரில், கல்லூரி நாள்களில் அவர் அணிந்த 42ஆம் எண்ணை நினைவுபடுத்தி 4.2 மைல் ஓடுவோரின் அன்பும் மெய்யானதே. எனினும் அந்த அன்பு ஒரு புனைகதையின் மீது நிற்காமல் காத்தவர் அவரது தாய்.

2007 ஏப்ரலில் மேரியும் கெவினும் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளித்தனர். அஞ்சலிக் கூட்டத்தில் பேசிய நண்பரும் தமக்குத் தவறான தகவல் தரப்பட்டதை அங்கே எடுத்துரைத்தார். ஓய்வுபெற்ற ஜெனரல் ஒருவர் கண்டனத்துக்கு உள்ளானார். உண்மையை எப்போது அறிந்தீர்கள் என்று ஆகஸ்டில் அதே குழு கேட்டபோது, முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட் தமக்கு நினைவில்லை என்றார்.