புற்றுநோயின் வாசலில் நிற்கும் கலங்கள்

டென்மார்க்கில் 50 முதல் 69 வயது வரையான பெண்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை இலவச மார்பகக் கதிர்ப்படப் பரிசோதனைக்கு அழைப்பு வருகின்றது. 1991 இல் கொப்பன்ஹேகனில் ஆரம்பமான இத்திட்டம் பின்னர் நாடு முழுவதற்கும் விரிந்தது. எண்பதுகளில் இளம் வயதில் இங்கு வந்து சேர்ந்த எமது பெண்களிற் பலர் இன்று இவ்வயதெல்லைக்குள் இருக்கின்றனர்.

பரிசோதனையின் பின் சிலருக்குப் 'புற்றுநோயின் முன்னிலை' என்ற முடிவு கிடைக்கின்றது. சிலர் இதனை மரணச்செய்தியாகக் கொள்கின்றனர். வேறு சிலர் வெட்கத்தால் மறைக்கின்றனர். இரண்டும் தவறென்றே நாம் கருதுகின்றோம்.

இந்நிலையிற் பாற்கானின் உட்புறக் கலங்கள் உருமாறிப் பெருகியிருக்கும். ஆயினும் கானின் சுவரைக் கடந்து அயல் இழையத்துள் நுழைந்திருக்கமாட்டா. இவற்றுட் சில பின்னர் பரவும். சில வாழ்நாள் முழுவதும் அடங்கியே கிடக்கும். டென்மார்க் நோயியலாளர்கள் 1987 இல் வெளியிட்ட ஆய்வொன்று இதனை உணர்த்தியது. மரண விசாரணைக்குட்பட்ட 110 இளம், நடுத்தர வயதுப் பெண்களின் மார்பகங்களை அவர்கள் நுணுகி ஆராய்ந்தனர். ஏறத்தாழ ஐந்தில் ஒருவரிடம் பரவாத நிலையிலான புற்றுநோய் மாற்றங்கள் காணப்பட்டன.

எது பரவும், எது அடங்கும்? இவ்வினாவுக்கு விடை தேடியே மூலக்கூற்று அடையாளங்கள் ஆராயப்படுகின்றன. ஊசி மூலம் பெறப்பட்ட இழையத்தில் ஈஸ்ட்ரஜன் வாங்கிகள் இருப்பின், அந்த ஹோர்மோனின் செயலைத் தடுக்கும் தமொக்சிபென் மருந்து பயன்தரக்கூடும். 'ஹெர்-2' புரதத்தின் மிகை, தீவிரமான மாற்றங்களிலேயே கூடுதலாகக் காணப்படுகின்றது. 'கி-67' கலங்கள் பெருகும் வேகத்தைக் காட்டுகின்றது.

எனினும் எந்த ஓர் அடையாளமும் தனித்து நின்று தீர்ப்புக் கூறுவதில்லை. கலங்களின் தரம், மாற்றத்தின் பரப்பு, வெட்டிய விளிம்பின் நிலை என்பனவும் கணிக்கப்படுகின்றன. சத்திரசிகிச்சையே இன்றும் வழமையான வழி. ஆபத்துக் குறைந்த, ஹோர்மோன் வாங்கிகளுடைய மாற்றங்களை அமெரிக்காவின் 'கொமெட்' ஆய்வு எடுத்துக்கொண்டது. 2024 இல் வெளியான அதன் முடிவின்படி, வழமையான சிகிச்சைக்கென ஒதுக்கப்பட்டோருள் நூற்றுக்கு 5.9 பேரிடமும், கண்காணிப்புக்கென ஒதுக்கப்பட்டோருள் 4.2 பேரிடமும் இரண்டு ஆண்டுகளுள் பரவும் புற்றுநோய் கண்டறியப்பட்டது. இது நம்பிக்கை தரும் செய்தியே; ஆயினும் இரண்டு ஆண்டுகள் குறுகிய காலம்.

ஆகவே அழைப்புக் கடிதத்தை ஒதுக்கிவைக்காதீர்கள். முடிவு கூறப்படும் நாளில் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காது, தகுதியான மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். தரம் என்ன, பரப்பு எவ்வளவு, வாங்கிகள் உண்டா, சிகிச்சையைத் தெரிவுசெய்ய வழியுண்டா என்ற நான்கு வினாக்களையும் தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். வைத்தியர் கூறும் விடைகளையும் அத்தாளிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.