குளிர்காலமும் சிறு கார்களின் எரிபொருள் செலவும்

தில்லி, சண்டிகர், லக்னோ போன்ற வட இந்திய நகரங்களில், அலுவலகக் கார்களின் பயணப் பதிவேட்டை மாதவாரியாகப் புரட்டிப் பார்ப்பவர்கள் ஒரு செய்தியைக் கவனிக்கக்கூடும். அக்டோபர் மாதத்தில் லிட்டருக்கு நல்ல தொலைவு ஓடிய சிறு கார், டிசம்பரிலும் ஜனவரியிலும் அதே அளவு பெட்ரோலுக்குக் குறைவான தொலைவே ஓடியிருக்கும். காரில் பழுது எதுவும் இராது, ஓட்டுநரும் மாறியிருக்கமாட்டார். ஆயினும் கணக்குப் பார்ப்பவரின் ஐயம் முதலில் ஓட்டுநர் மீதே விழுகிறது. விளக்கம் கேட்டுக் குறிப்பாணை செல்கிறது. "குளிர்காலத்தில் வண்டி இப்படித்தான் ஐயா" என்று அவர் கூறும் விடை சாக்குப்போக்காகவே கொள்ளப்படுகிறது. உண்மையில் அவர் கூறுவது இயற்பியல் விதிகளுக்கு உட்பட்ட செய்தி. அது எவ்வாறு நிகழ்கிறது, எவ்வளவு நிகழ்கிறது என்பதை அறிந்துகொண்டால் ஒருவர் மீது வீண்பழி விழுவதைத் தவிர்க்கலாம், பெட்ரோலையும் மிச்சப்படுத்தலாம்.

நிலைச் செலவும் மாறும் செலவும்

பொருளாதாரம் பயிலும் மாணவர்கள் நிலைச் செலவு, மாறும் செலவு என்ற பாகுபாட்டை அறிவர். ஒரு தொழிற்சாலை ஒரு பொருளை உற்பத்தி செய்தாலும் ஆயிரம் பொருள்களை உற்பத்தி செய்தாலும் கட்டட வாடகை ஒன்றே. உற்பத்தி குறையக் குறைய, ஒவ்வொரு பொருளின் மீதும் விழும் வாடகைச் சுமை மிகும். குளிர்ந்து கிடக்கும் எஞ்சினைச் சூடேற்றுவதற்கு ஆகும் பெட்ரோலும் இத்தகைய நிலைச் செலவே. மூன்று கிலோமீட்டர் சென்றாலும் முப்பது கிலோமீட்டர் சென்றாலும் அதைச் செலுத்தியே தீரவேண்டும். குளிர் மிகுந்தால் இந்தச் செலவும் மிகும்.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கை வைத்துக்கொள்வோம். எஞ்சின் சூடான நிலையில் லிட்டருக்கு 20 கிலோமீட்டர் ஓடும் ஒரு சிறு கார், கிலோமீட்டருக்கு 50 மில்லிலிட்டர் பெட்ரோலைச் செலவிடும். குளிர்ந்த எஞ்சினை ஒருமுறை சூடேற்றக் கூடுதலாக 60 மில்லிலிட்டர் ஆவதாகக் கொள்வோம். மூன்று கிலோமீட்டர் பயணத்திற்கு மொத்தம் 210 மில்லிலிட்டர் ஆகும். அதாவது லிட்டருக்கு 14.3 கிலோமீட்டர்தான். முப்பது கிலோமீட்டர் பயணத்திற்கு 1,560 மில்லிலிட்டர் ஆகும், லிட்டருக்கு 19.2 கிலோமீட்டர் கிடைக்கும். வண்டி ஒன்றே, குளிரும் ஒன்றே. பயணத்தின் நீளமே வேறுபாட்டிற்குக் காரணம். சிறு கார்கள் பெரும்பாலும் நகருக்குள் குறுகிய பயணங்களுக்கே பயன்படுகின்றன என்பதை இத்துடன் சேர்த்துப் பார்த்தால், குளிர்கால இழப்பு அவற்றில் மிகுந்து தோன்றுவதற்கான முதற்காரணம் விளங்கும்.

எஞ்சினுக்குள் நிகழ்வது

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் அடங்கியுள்ளது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே சக்கரங்களைச் சென்றடைகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி புகைப்போக்கி வழியாகவும், குளிர்விக்கும் நீரின் வழியாகவும் வெப்பமாக வெளியேறுகிறது. குளிர்காலத்தில் இந்தப் பங்கீடு மேலும் பாதகமாக மாறுகிறது. அதற்கு மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, பெட்ரோல் திரவ நிலையில் எரிவதில்லை. ஆவியாகிக் காற்றுடன் கலந்த பின்னரே எரிகிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது உட்செல்லும் பெட்ரோலில் ஒரு பகுதி ஆவியாகாமல் சுவர்களில் படிந்துவிடுகிறது. எரியத்தக்க ஆவி போதிய அளவு கிடைக்கவேண்டுமானால் பெட்ரோலைக் கூடுதலாகச் செலுத்தவேண்டும். 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்த 796 கனசென்டிமீட்டர் மாருதி 800 போன்ற கார்புரேட்டர் வண்டிகளில், ஓட்டுநர் 'சோக்' குமிழை இழுத்து இதைச் செய்தார். இன்றைய வண்டிகளில் வெப்ப உணரி தரும் செய்தியைக் கொண்டு மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி தானே செய்துகொள்கிறது. முறைதான் மாறியிருக்கிறது, கூடுதல் பெட்ரோல் செல்வது மாறவில்லை.

இரண்டாவது, மசகு எண்ணெயின் தடிப்பு. மார்கழிக் குளிரில் தேங்காயெண்ணெய் புட்டியைக் கவிழ்த்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. எஞ்சின் எண்ணெய் அவ்வாறு உறைந்துவிடுவதில்லையெனினும், குளிரில் கெட்டிப்பட்டு இயங்கும் பாகங்களை இழுத்துப் பிடிக்கிறது. கியர் பெட்டியின் எண்ணெயும் அவ்வாறே. எண்ணெய்ப் புட்டியின் மீது 20டபிள்யூ-50, 5டபிள்யூ-30 என அச்சிட்டிருப்பதைக் காணலாம். 'டபிள்யூ' என்ற எழுத்துடன் வரும் முதல் எண் குளிர்நிலை இயல்பைக் குறிக்கிறது. அந்த எண் குறைவாக இருந்தால், குளிரில் எண்ணெய் எளிதில் ஓடும்.

மூன்றாவது, புகையைத் தூய்மைப்படுத்தும் வினையூக்கி மாற்றி. இது ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேறிய பின்னரே செவ்வனே பணியாற்றும். ஆகவே, வண்டி கிளம்பிய சிறிது நேரத்திற்குத் தீப்பொறி வேண்டுமென்றே தாமதப்படுத்தப்பட்டு, வெப்பம் புகைக்குழாய்க்குத் திருப்பிவிடப்படுகிறது. இதற்கும் பெட்ரோல் செலவாகிறது. நகரின் காற்றைக் காப்பதற்காக நாம் தரும் விலை என்று இதைக் கருதலாம்.

எஞ்சினுக்கு வெளியே

காற்று குளிர்ந்தால் அதன் அடர்த்தி மிகும். 25 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு வெப்பநிலை தாழும்போது காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 7 சதவீதம் உயர்கிறது. நெடுஞ்சாலையில் விரைந்து செல்லும் வண்டிக்கு எதிர்ப்பும் அதே விகிதத்தில் உயரும். டயருக்குள் அடைபட்ட காற்றோ குளிரால் சுருங்குகிறது. 25 டிகிரியில் சதுர அங்குலத்திற்கு 30 பவுண்டு அழுத்தம் காட்டிய டயர், 5 டிகிரியில் சுமார் 27 பவுண்டுதான் காட்டும். அழுத்தம் குறைந்த டயர் சாலையில் அமுங்கி உருளுவதால் இழுவை கூடுகிறது. மூடுபனியில் விளக்குகளை எரியவிட்டுத் தாழ்ந்த கியரில் ஊர்ந்து செல்லவேண்டியிருப்பதும் இத்துடன் சேர்ந்துகொள்கிறது.

சிறு காரின் தனி இயல்பு

மேற்கூறியவை எல்லாக் கார்களுக்கும் பொருந்தும். சிறு காருக்கென்று சில தனி இயல்புகளும் உண்டு. சிறிய சிலிண்டரில், கொள்ளளவை நோக்க, சுவரின் பரப்பு மிகுதி. எரியும் வாயுவின் வெப்பத்தைக் குளிர்ந்த சுவர்கள் அதிக விகிதத்தில் பறித்துக்கொள்கின்றன. முகப்பு விளக்கு, காற்றூதி, பின்கண்ணாடியின் பனிநீக்கி ஆகியவை சேர்ந்து 300 வாட் அளவிற்கு மின்சாரம் கேட்கலாம். இந்தத் தேவை பெரிய காருக்கும் சிறிய காருக்கும் பெரிதும் வேறுபடுவதில்லை. ஆனால் நகருக்குள் மெதுவாகச் செல்லும் சிறு காரை நகர்த்தத் தேவைப்படுவதே சில கிலோவாட்தான் என்பதால், மின்சுமையின் பங்கு அதில் பெரிதாகிவிடுகிறது.

இவ்விடத்தில் கணக்குமுறை தரும் மயக்கம் ஒன்றையும் குறிப்பிடவேண்டும். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் தரும் சிறு காரும், 10 கிலோமீட்டர் தரும் பெரிய காரும் குளிரால் 15 சதவீதம் திறன் இழப்பதாகக் கொள்வோம். சிறு கார் 17-க்கு இறங்கும். பெரிய கார் 8.5-க்கு இறங்கும். சிறு காருக்கு 3 கிலோமீட்டர் நட்டம், பெரிய காருக்கு ஒன்றரை கிலோமீட்டர்தான் என்று தோன்றும். ஆனால் 100 கிலோமீட்டர் ஓட, சிறு கார் 5 லிட்டருக்குப் பதில் 5.88 லிட்டர் குடிக்கிறது. பெரிய கார் 10 லிட்டருக்குப் பதில் 11.76 லிட்டர் குடிக்கிறது. கூடுதல் செலவு முன்னதில் 0.88 லிட்டர், பின்னதில் 1.76 லிட்டர். எனவே, 'லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்' என்ற அளவையை மட்டும் பார்த்துச் சிறு கார்தான் குளிரில் மிகவும் வீணாக்குகிறது என்று முடிவு கட்டலாகாது. நாட்டின் எரிபொருள் கணக்கிற்கு உகந்த அளவை '100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர்' என்பதே.

இழப்பின் அளவு

அமெரிக்க எரிசக்தித் துறை தரும் விவரப்படி, வெப்பநிலை 25 டிகிரியிலிருந்து உறைநிலைக்குக் கீழ் 7 டிகிரிக்கு இறங்கும்போது, நகரப் பயணத்தில் சாதாரணப் பெட்ரோல் காரின் எரிபொருள் திறன் ஏறத்தாழ 15 சதவீதம் குறைகிறது. ஐந்தாறு கிலோமீட்டர் அளவான குறுகிய பயணங்களில் இந்தக் குறைவு 24 சதவீதம் வரை செல்லக்கூடும். லடாக்கிலும் இமயமலையின் உயர்ந்த பகுதிகளிலும் இத்தகைய குளிர் புதிதன்று. தில்லியிலும் பஞ்சாபிலும் குளிர் அந்த அளவிற்குச் செல்வதில்லையாதலால் இழப்பும் குறைவாகவே இருக்கும். ஆயினும் புறக்கணிக்கத்தக்கதாக இராது.

நம் நாட்டில் வண்டிகளின் எரிபொருள் திறனை அளக்கும் ஆய்வுக்கூடச் சோதனை 20 முதல் 30 டிகிரி வெப்பநிலையில் நடத்தப்பட்டு வந்துள்ளது. விளம்பரத்தில் காணும் எண் அத்தகைய இதமான சூழலுக்கு உரியது. ஜனவரி மாத விடியற்காலைக்கு அதை அளவுகோலாகக் கொள்வது முறையன்று.

எத்தனால் கலப்பையும் இங்கு நினைவிற்கொள்ளவேண்டும். 2025-ஆம் ஆண்டில் நம் நாடு பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பு என்ற இலக்கை எட்டியது. லிட்டர் கணக்கில் எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. அது ஆவியாவதற்குக் கூடுதல் வெப்பமும் தேவை. எனவே பழைய ஆண்டுகளின் பதிவேட்டுடன் ஒப்பிடும்போது காணும் வேறுபாடு முழுவதையும் குளிரின் கணக்கில் எழுதிவிடக்கூடாது.

செய்யத்தக்கவை

நிலைச் செலவைக் குறைக்கும் வழி, அதைச் செலுத்தும் தடவைகளைக் குறைப்பதே. முன்னர்க் கூறிய கணக்கின்படி, மூன்று கிலோமீட்டர் பயணங்கள் ஐந்தை, ஒவ்வொரு முறையும் எஞ்சின் குளிர்ந்த பின் தனித்தனியாக மேற்கொண்டால் 1,050 மில்லிலிட்டர் செலவாகும். அதே 15 கிலோமீட்டரை ஒரே சுற்றில் முடித்தால் 810 மில்லிலிட்டர் போதும். ஏறத்தாழ கால் பங்கு பெட்ரோல் மிச்சம். இதற்குக் கருவி எதுவும் வாங்கவேண்டியதில்லை.

காலையில் வண்டியை நெடுநேரம் நிறுத்தியபடியே சூடேற்றும் பழக்கம் கார்புரேட்டர் காலத்து மரபு. நிற்கும் வண்டி லிட்டருக்குத் தரும் தொலைவு சுழியம். சிறிய எஞ்சின் மணிக்கு அரை லிட்டர் குடிப்பதாகக் கொண்டாலும் பத்து நிமிடத்தில் 80 மில்லிலிட்டருக்கு மேல் போய்விடும். இன்றைய எஞ்சினுக்குச் சாதாரணக் குளிரில் அரை நிமிடம் போதும். பின்னர் மிதமாக ஓட்டினால் அது விரைவிலேயே சூடேறிவிடும். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடுவது கார்பன் மோனாக்சைடு நச்சினால் உயிருக்கே ஆபத்தானது. இவை தவிர, டயரின் அழுத்தத்தைக் குளிர்காலத் தொடக்கத்திலேயே, வண்டி ஓடுவதற்கு முன் சரிபார்ப்பதும், தயாரிப்பாளர் கையேட்டில் குறித்த தர எண்ணெயையே பயன்படுத்துவதும் பயன் தரும்.

அலுவலகப் பொறுப்பில் உள்ளவர்கள் செய்யத்தக்கவை மூன்று. எரிபொருள் நுகர்வுச் சோதனையைக் கோடைக்கும் குளிர்காலத்திற்கும் தனித்தனியாக நடத்தி இரண்டு அளவைகளை வகுத்துக்கொள்ளலாம். ஜனவரிக் கணக்கை அக்டோபருடன் ஒப்பிடாமல், முந்தைய ஆண்டின் ஜனவரியுடன் ஒப்பிடலாம். பயணப் பதிவேட்டில் கிலோமீட்டருடன், ஒரு நாளில் வண்டி எத்தனை முறை குளிர்ந்த நிலையில் கிளப்பப்பட்டது என்பதையும் ஒரு பத்தியில் குறிக்கச் செய்யலாம். இந்த ஒரு பத்தி, ஓட்டுநரின் விளக்கத்தைச் சரிபார்க்க உதவும் சான்றாக அமையும். அதன் பின்னும் விளங்காத வேறுபாடு இருந்தால் அப்போது விசாரணை செய்வது நியாயமாகும்.

நம் நாடு தன் கச்சா எண்ணெய்த் தேவையில் 85 சதவீதத்திற்கும் மேலானதை இறக்குமதி செய்கிறது. குளிரை நம்மால் மாற்ற இயலாது. ஆனால், குளிர்ந்த எஞ்சினை நாளுக்கு எத்தனை முறை கிளப்புகிறோம் என்பது பெரும்பாலும் நம் திட்டமிடலைப் பொறுத்ததே.