சில்லுச் சத்தமும் கராஜ் சிட்டையும்

மயிலிட்டித் துறைமுகத்தில் விற்பனை முடிந்ததும் மீன்பெட்டிகள் பட்டா வாகனங்களில் ஏறும். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் பின்தட்டால் வழிந்து சில்லில் சொட்டும். 27 ஆண்டுகள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்த துறைமுகம் 2017 ஜூலை 3இல் விடுவிக்கப்பட்டது. தொழிலோடு வாகனங்களும் திரும்பின. அவற்றின் சில்லுகளுக்கு எதிரி உப்புத்தான். சீல் தேய்ந்த இடத்தால் உள்ளே போய், கிறீஸைக் கெடுத்து, பெயரிங்கைத் துருப்பிடிக்க வைத்துவிடும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அதுவரை கையிலிருந்ததையே ஓட்டினோம். ஆண்டுதோறும் செய்யும் புகைப் பரிசோதனை புகையை மட்டுமே பார்க்கும். காரின் சில்லை நாம்தான் கவனிக்க வேண்டும்.

எந்தச் சத்தம், என்ன பழுது?

இரைச்சல்: வேகம் கூடக் கூட ஊளையிட்டால் பெயரிங் அல்லது ரயர். வாகனம் இல்லாத வீதியில் மெதுவாக இரு பக்கமும் வளைத்துப் பாருங்கள். வலப்பக்கம் வளைக்கும்போது பாரம் இடப்பக்கச் சில்லில் விழும். அப்போது சத்தம் கூடினால் இடப்பக்கப் பெயரிங்கில் சந்தேகம். வளைத்தாலும் மாறாமல், வீதியின் தளம் மாறும்போது மாறினால் ரயரைத் தடவிப் பாருங்கள், மேடுபள்ளமாகத் தேய்ந்திருக்கும்.

கடக் கடக்: முன்சில்லால் இழுபடும் காரை முழுவதும் முறித்துத் திருப்பும்போது கேட்டால், டிரைவ் ஷாஃப்ட் மூட்டுத் தேய்ந்திருக்கலாம். அதன் றப்பர் உறை கிழிந்து கிறீஸ் தெறித்திருக்கிறதா என்று பாருங்கள்.

கிறீச்: பிறேக் பிடிக்கும்போது வந்தால் பாட் தேய்ந்து முடிகிறது என்ற எச்சரிக்கையாக இருக்கலாம். அது கரகரப்பாக மாறினால் இரும்பு டிஸ்க்கை உரசத் தொடங்கிவிட்டது. கிறவல் வீதியால் வந்தவுடன் திடீரென உரசினால், டிஸ்க்குக்கும் அதன் பின்னால் இருக்கும் காப்புத் தகட்டுக்கும் இடையில் கல் சிக்கியிருக்கலாம்.

டொக் டொக்: சில்லு கழற்றிப் பூட்டிய பிறகு கேட்டால் உடனே ஓரங்கட்டுங்கள். நட் தளர்ந்தால் சில்லே கழன்றுவிடும். நட்டுகளை எதிரெதிராக மாற்றி இறுக்க வேண்டும். 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியபின் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

பெயரிங் முற்றாகத் தேய்ந்தால் சில்லு ஆடும். இறுகிப் பிடிக்கவும் கூடும். ஸ்டியரிங் நடுங்கினால், சில்லில் எரிந்த மணம் வந்தால், அந்த வாகனத்தில் யாழ்ப்பாணம்வரை போய்ப் பார்ப்போம் என்று நினைக்காதீர்கள்.

கராஜில் கேட்க வேண்டியவை

"சில்லில் சத்தம்" என்று மட்டும் சொல்லாமல் எந்த வேகத்தில், எந்தப் பக்கம் திருப்பும்போது, பிறேக்கோடா பிறேக் இல்லாமலா என்று சொல்லுங்கள். சில்லைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள். வீட்டில் செய்வதானால் ஜாக்கை மட்டும் நம்பித் தலையைக் கீழே விடவேண்டாம்; ஸ்டாண்ட் வையுங்கள், மற்றச் சில்லுகளுக்குக் கல் அணையுங்கள்.

பழைய ஒஸ்ரின் காரின் பெயரிங்கைக் கழுவி, கிறீஸ் வைத்துப் பூட்டலாம். இன்றைய கார்கள் பலவற்றில் அது மூடிய பாகம், மாற்றத்தான் வேண்டும். பாவித்த பெயரிங்கும் துடைத்து வைத்தால் புதிது போலத் தெரியும். ஆகவே செலவை முதலே எழுதி வாங்குங்கள். கழற்றிய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். சிட்டையில் வாகன இலக்கம், ஓடிய கிலோமீற்றர், பாகத்தின் பெயர், புதிதா பாவித்ததா, உத்தரவாதக் காலம் ஆகியவை இருக்கட்டும்.

இதைக் கேட்கக் கூச்சம் வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டத்தின்படி, பணம் வாங்கிச் செய்யும் வேலை உரிய கவனத்தோடும் திறமையோடும் நடக்க வேண்டும்; அதற்குப் போடும் பாகங்களும் நோக்கத்துக்குப் பொருந்த வேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டுத் தருவது வியாபாரியின் கடமை.

மாற்றிய பிறகும் அதே சத்தம் வந்தால் முதலில் அதே கராஜுக்கே போங்கள். கைவிரித்தால் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள். முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். சிட்டை இல்லாவிட்டால் வழக்கு வாய்ப்பேச்சோடு நிற்கும். ஊருக்குள் பேசித் தீர்க்க மத்தியஸ்த சபையும் உண்டு.

வருமுன் காப்பது இதைவிட மலிவு. மீன்தண்ணீர் சில்லில் விழாமல் ஒரு குழாய் பூட்டி வெளியே விடுங்கள். துறைமுகத்தால் வந்ததும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். சீலுக்கு நேரே வேகமாகப் பீச்சவேண்டாம். பிறகு வீதியில் ஏறியதும் றேடியோவை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, கொஞ்சத் தூரம் காதைக் கொடுத்து ஓடுங்கள்.