எல்லைச் சமையல் – 17: ஒரு கிண்ணம் 420 ரூபாய்

சென்ற வாரம் ராமசேரி இட்லியோடு நிறுத்தியிருந்தேன். மண்பானையின் வாயில் நூல்வலை கட்டி, மேலே துணி விரித்து, மாவை ஊற்றி ஆவியில் வேகவைக்கிற இட்லி அது. பாலக்காட்டுக்குக் கிழக்கே, எலப்புள்ளியை ஒட்டிய அந்தச் சிற்றூரில் ஒருசில முதலியார் குடும்பங்கள்தான் இன்றும் அதைச் செய்கின்றன. இந்த வாரம் வியட்நாமுக்குப் போகிறோம். வெகுதூரம் என்று நினைக்க வேண்டாம். ஹனோயிலும் கொதிக்கிற பானையின் வாயில் துணியை இழுத்துக் கட்டி, அரைத்த அரிசிமாவை மெல்லப் பரப்பி, மூடிவைத்து வேகவிடுகிறார்கள். வெந்த ஏட்டை மூங்கில் குச்சியால் உரித்தெடுத்து நாடா நாடாக நறுக்குகிறார்கள். அந்த நாடாவை எலும்புச்சாற்றில் போட்டுத் தந்தால் அதுதான் ஃபோ.

கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் என் பெரியம்மா கல்யாண வீடுகளுக்குச் சந்தகை பிழிந்து கொடுப்பவர். பாலக்காட்டு அக்ரகாரங்களில் சேவை என்பதை எங்கள் பக்கம் சந்தகை என்போம். புழுங்கலரிசியை ஊறவைத்து, நைசாக அரைத்து, ஆவியில் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் அச்சில் இட்டுப் பிழிய வேண்டும். இடியாப்பத்தில் பிழிந்த பிறகு வேகவைப்பார்கள். சந்தகையில் வெந்த பிறகு பிழிவார்கள். அதனால்தான் அதற்கு இவ்வளவு கைவலு தேவைப்படுகிறது. ஆறிவிட்டால் அச்சு நகராது.

போன மாதம் கண் பரிசோதனைக்காகப் பெரியம்மாவைக் கொச்சிக்கு அழைத்துப் போயிருந்தேன். திரும்பும் வழியில் ஒரு வியட்நாமிய உணவகத்தில் ஆளுக்கொரு கோழி ஃபோ சொன்னேன். கிண்ணம் மேசைக்கு வந்ததும் பெரியம்மா முதலில் முகர்ந்து பார்த்தார்.

"இது நம்ம பட்டை, அன்னாசிப்பூ வாசந்தானே கண்ணு?"

அதே வாசம்தான். சொல்லப்போனால் பொருளும் அங்கிருந்து வருவதுதான். நம் மளிகைக் கடையில் பிரியாணிக்கு வாங்கும் அன்னாசிப்பூவில் பெரும்பகுதி வியட்நாமிலிருந்து வருகிறது. சீன எல்லையை ஒட்டிய லாங் சோன் மலைகள் அதற்குப் பேர்போனவை. தடித்த பட்டையிலும் கணிசமானது அந்த நாட்டுச் சரக்கு. ஃபோவில் போடும் ஏலக்காய் மட்டும் வேறு. அது புகைமணம் கொண்ட பெரிய கருப்பு ஏலக்காய். வண்டன்மேட்டுப் பச்சை ஏலக்காய்க்கு அந்தக் கிண்ணத்தில் இடமில்லை.

மிளகுக்கு இடம் உண்டு. இடுக்கிக்காரர்கள் வியட்நாமைப் பற்றிப் பேசினால் பேச்சு மிளகில்தான் வந்து நிற்கும். இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து உலகத்திலேயே அதிக மிளகு விளைவிப்பதும் விற்பதும் வியட்நாம். நெருக்கமாகக் கால் நட்டு, தண்ணீரும் உரமும் கொடுத்து வளர்ப்பதால் ஒரு ஹெக்டேரில் நம்மைவிடப் பல மடங்கு எடுக்கிறார்கள். நம் கொடிகள் முருக்கிலும் பலாவிலும் ஏறி, மழையை நம்பி நிற்பவை. 2016ஐ ஒட்டிக் கட்டப்பனை, நெடுங்கண்டம் பக்கம் கிலோ 700 ரூபாய் அளவில் விற்ற மிளகு, அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் 400க்குக் கீழே இறங்கியது. வியட்நாம் மிளகு இலங்கை வழியாக, அந்த நாட்டோடு நமக்குள்ள வரிச்சலுகையைப் பயன்படுத்தி உள்ளே வருகிறது என்று விவசாயிகள் முறையிட்டார்கள். 2017 டிசம்பரில் மத்திய அரசு கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்த விலையில் மிளகை இறக்குமதி செய்யக்கூடாது என்று ஆணை போட்டது. அதன் பிறகும் உள்ளூர் விலை எழுந்திருக்கச் சில ஆண்டுகள் பிடித்தன. அந்த ஆண்டுகளில் கொடியைப் பராமரிக்காமல் விட்ட தோட்டங்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

கிண்ணத்துக்கு வருகிறேன். விலை 420 ரூபாய். மிளகு கிலோ 600 என்று வைத்தால், மேலே தூவிய அரை கிராமுக்கு 30 காசு. நூறு கிராம் அரிசி ஆறேழு ரூபாய். கோழியையும் கீரைவகைகளையும் சேர்த்தாலும் பொருள்விலை நூறைத் தாண்டாது என்று பெரியம்மா சொன்னார். சமையல்காரர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். மீதி எதற்கு? சாற்றுக்கு. கோழிச்சாறு சில மணி நேரம் கொதிக்க வேண்டும். மாட்டெலும்பு என்றால் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம், அடுப்பைக் குறைத்து, நுரையை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நேரம், எரிவாயு, ஆள்கூலி, கொச்சியின் கடைவாடகை எல்லாம் விலைக்குள் அடங்கியிருக்கின்றன. எனக்கு அது நியாயமாகவே பட்டது.

பில்லில் ஒன்று மட்டும் பொருந்தவில்லை. இரண்டு கிண்ணம் 840. அதன்மேல் பத்து சதவீதம் சேவைக் கட்டணம் 84. இரண்டுக்கும் சேர்த்து ஐந்து சதவீத ஜிஎஸ்டி. மொத்தம் 970 ரூபாய் 20 காசு. சேவைக் கட்டணத்தை உணவகங்கள் தாமாகப் பில்லில் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். எடுத்துவிட்டார்கள். 882 கொடுத்துவிட்டு வந்தோம். மூணாறு பக்கம் போகிறவர்கள் இதோடு இன்னொன்றையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அறை வாடகை நாளுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் போகும் விடுதிகளின் உணவகத்தில் வரி ஐந்து அல்ல, பதினெட்டு சதவீதம்.

பேருந்தில் பெரியம்மா நெடுநேரம் பேசவில்லை. திருச்சூர் தாண்டியதும் கேட்டார்: "அவங்க அடுப்பெரிஞ்ச நேரத்துக்குக் காசு போடறாங்க. நான் ஏன் போடறதில்ல?"

என் கைபேசியிலேயே கணக்குப் போட்டோம். ஒரு கிலோ அரிசிக்கு 150 ரூபாய் வாங்கிக்கொண்டு பிழிந்து தருகிறார். பத்துக் கிலோவுக்கு 1,500. அரிசி 550, எரிவாயு 300, கொண்டுபோய்ச் சேர்க்க ஆட்டோ 150. மிச்சம் 500. முந்தின நாள் மாலை அரிசி களைவதில் தொடங்கி, விடியுமுன் எழுந்து அரைத்து, பிழிந்து, வாழையிலையில் கட்டி முடிக்கிற வரைக்கும் பெரியம்மாவும் மருமகளும் இரண்டு பேர். ஆளுக்கு 250. கேரளத்தில் விவசாயக் கூலிக்குப் போகும் ஆணுக்கு நாளொன்றுக்குச் சராசரி 764 ரூபாய் என்கிறது ரிசர்வ் வங்கியின் 2022–23 கணக்கு. பெரியம்மா அந்த எண்ணை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

சமைக்கிற கைக்குக் கூலி கிடையாது என்பது வீட்டிலிருந்து கடைக்கு வந்த பழக்கம். அரசுக்கும் அந்தப் பழக்கம் இருக்கிறது. கேரளத்தின் குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்கள் நடத்திய ஜனகீய ஹோட்டல்களில் சாப்பாடு 20 ரூபாய், அரசு மானியம் 10 ரூபாய் என்று 2020இல் தொடங்கினார்கள். 2023 ஆகஸ்டில் மானியம் நின்றது. வரவேண்டிய பாக்கிக்காக அந்தப் பெண்கள் தெருவில் இறங்க வேண்டியிருந்தது. அதற்கு முன்பே, 2015 செப்டம்பரில், மூணாற்றின் தேயிலைத் தோட்டப் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், பெம்பிளை ஒருமை என்று திரண்டு தங்கள் உழைப்பின் விலையைத் தாங்களே சொன்னார்கள். அப்போது நாள்கூலி 232 ரூபாய். கேட்டது 500. கிடைத்தது 301. குறைவுதான். ஆனால் கேட்காமல் இருந்திருந்தால் அந்த 69 ரூபாயும் ஏறியிருக்காது.

இரண்டு பேருக்கும் 764 வீதம் போட்டுப் பார்த்தால் பத்துக் கிலோவுக்கு 2,528 ரூபாய் வருகிறது. அதாவது கிலோவுக்குச் சுமார் 250. அடுத்த முகூர்த்தத்துக்கு வந்தவர்களிடம் பெரியம்மா அந்த விலையைச் சொன்னார். ஒரு வீட்டார் ஒத்துக்கொண்டார்கள். இன்னொரு வீட்டார் பாக்கெட்டில் வரும் உலர்ந்த சேவையை வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போய்விட்டார்கள். பெரியம்மா விலையைக் குறைக்கவில்லை.

சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கொல்லங்கோடு பக்கம் கல்யாணத்துக்குச் சந்தகை சொல்கிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: விலை பேசும்போது அரிசிக் கணக்கோடு நிறுத்தாமல், எத்தனை பேர் பிழிகிறார்கள், எத்தனை மணிக்கு எழுகிறார்கள் என்றும் கேளுங்கள். அதற்குரிய கூலியையும் சேர்த்துக் கொடுங்கள்.

(தொடரும்)