பூப்போட்ட சேலை உடுத்தலாமா?



பங்குனி பிறந்து வேம்பு துளிர்க்கத் தொடங்கினால், துணிக்கடைகளின் கண்ணாடிக்குள் நிறங்கள் மாறிவிடுகின்றன. குளிர்கால மங்கல் நிறங்கள் மடித்து வைக்கப்பட்டு, உள்ளங்கை அகலப் பூக்களும், கொடிகளும், மயில்களும், கட்டங்களும் முன்வரிசைக்கு வருகின்றன. உயிர்த்தெழுந்த பண்டிகையும் பள்ளி விடுமுறையும் சேர்ந்து வரும் காலமாகையால், நம் குடும்பங்களும் அப்பொழுதுதான் துணி எடுக்கின்றன. அதே நாட்களில் ஊழியக்காரரிடம் வரும் கேள்வியும் ஒன்றுண்டு: "பாஸ்டர் ஐயா, பெரிய பூப்போட்ட சேலை உடுத்தி ஆராதனைக்கு வரலாமா?"

கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஊரைவிட்டு நகரத்துக்குப் பிழைக்க வந்த வீட்டுப் பிள்ளைகள். சாந்திபுரம், குப்பம், பலமனேர்ப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கும் சென்னைக்கும் வந்தவர்கள் நம் சபைகளில் அநேகர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் பேசப்படும் முச்சந்தி மண் அது. அங்கே ஊர்ச்சபையில் வெள்ளை உடுத்திப் பழகிய தாய்மார், நகரத்தில் வேலைக்குப் போகும் மகளின் சேலையைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். "உலகம் உள்ளே வந்துவிட்டது" என்கிறார்கள். மகளோ, "வெள்ளை உடுத்திப் போனால் கூட வேலை செய்கிறவர்கள் எனக்கு என்ன துக்கம் என்று கேட்கிறார்கள், அம்மா" என்கிறாள். இருவர் சொல்வதிலும் நியாயமுண்டு. வெள்ளுடை நம் முன்னோருக்குச் சாட்சியாயிருந்தது. ஏழையும் பணக்காரனும் ஒரே வரிசையில் உட்கார அது உதவிற்று. ஆனாலும் நம் நாட்டில் வெள்ளைச் சேலை கைம்மையின் அடையாளமாகவும் இருந்தபடியால், சுமங்கலியான சகோதரிகள் அக்கம்பக்கத்தாரின் கேள்விக்கு ஆளானதும் உண்மை.

இந்தக் கேள்விக்கு விடை சொல்லுமுன், பூப்போட்ட துணி எங்கிருந்து வந்தது என்பதைப் பார்ப்பது நல்லது. பலரும் அது மேல்நாட்டு நாகரிகம் என்று நினைத்திருக்கிறார்கள். காரியம் நேர்மாறானது. அது நம் வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டுப் போனது.

சாந்திபுரத்திலிருந்து சித்தூர், திருப்பதி கடந்து கிழக்கே சென்றால் சுவர்ணமுகி ஆற்றங்கரையில் ஸ்ரீகாளஹஸ்தி இருக்கிறது. முன்பு சித்தூர் மாவட்டத்திலிருந்த அவ்வூர், 2022 ஏப்ரலில் புதிய மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபோது திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கே கலம்காரி என்னும் துணி வரையப்படுகிறது. கலம் என்பது பாரசீகத்தில் எழுதுகோல். காரி என்பது கைவேலை. அச்சுக்கட்டை எதுவுமின்றி, முழுவதும் கையால் எழுதப்படும் வஸ்திரம் அது. கிருஷ்ணா மாவட்டத்தின் மசூலிப்பட்டினத்திலும் அதன் அருகிலுள்ள பெடனாவிலும் செய்யப்படும் கலம்காரியோ, தேக்கு மரத்தில் செதுக்கிய அச்சுகளால் பதிக்கப்படுகிறது. பெயர் ஒன்றானாலும் வேலை வேறு.

அதன் செய்முறையைக் கவனித்தால், ஒரு சேலைக்குள் எத்தனை நாள் உழைப்பு அடங்கியிருக்கிறது என்பது விளங்கும். வெளுத்த பருத்தித் துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்ததில் ஊறவைத்துப் பிழிந்து வெயிலில் காயவைக்கிறார்கள். கடுக்காயின் துவர்ப்பு சாயத்தைப் பிடிக்கிறது. பாலின் கொழுப்பு அது கசிந்து பரவாமல் தடுக்கிறது. பின்பு புளியங்குச்சியைச் சுட்டெடுத்த கரியால் உருவம் வரைகிறார்கள். மூங்கில் குச்சியின் நுனியைக் கூராக்கி, சற்று மேலே கம்பளியைச் சுற்றி நூலால் கட்டினால் அதுவே எழுதுகோல். சாயத்தில் தோய்த்து விரலால் அந்தக் கம்பளியை அழுத்த அழுத்த, சாயம் நுனிக்கு இறங்குகிறது. கறுப்புக்குத் துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு வாரக்கணக்கில் புளிக்கவைத்த நீர். அந்த நீர் கடுக்காய் ஏறிய துணியைத் தொட்டவுடன் கறுத்துவிடும். சிவப்புக்கு வழி வேறு. சிவக்கவேண்டிய இடத்தில் மாத்திரம் படிகார நீரைத் தடவி, துணி முழுவதையும் சாயவேர் போன்ற செஞ்சாயத்தில் கொதிக்கவைக்கிறார்கள். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும்; மற்ற இடம் ஓடும் நீரில் அலசி வெயிலில் வெளுக்க வெளுக்கத் தெளிந்துவிடும். மறுபடியும் பாலில் நனைத்து, மஞ்சளும் நீலமும் தீட்டுகிறார்கள். நீலத்துக்கு அவுரி. மஞ்சளின்மேல் நீலம் ஏறினால் பச்சை. ஒவ்வொரு நிறத்துக்கும் நடுவே அலசலும் உலர்த்தலும் உண்டு. சுவர்ணமுகியோ ஆண்டின் பல மாதங்கள் வெறும் மணலாய்க் கிடக்கும் ஆறு. ஓடும் தண்ணீரின்றி இந்த வேலை நடவாது என்பதால், கைவினைஞர்களின் பெருங்கவலைகளில் தண்ணீரும் ஒன்று.

இந்தத் துணியின் சரித்திரம் நகரத்தில் வாழும் நமக்கு இன்னும் நெருக்கமானது. 1639-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே சென்னைப்பட்டினத்து மணல்திட்டைத் தெரிந்துகொண்டதற்கு, அந்தப் பக்கத்தில் துணி மலிவாகக் கிடைத்தது முக்கியமான ஒரு காரணம். அந்த நிலத்தைக் கொடுத்த தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர், திருப்பதிக்கு அருகிலுள்ள சந்திரகிரியோடு தொடர்புடைய விஜயநகர அரசருக்குக் கீழ்ப்பட்டவர். பின்பு கம்பெனியின் துணியை வெளுப்பவர்களால் வண்ணாரப்பேட்டை பேர்பெற்றது. 1734-இல் நெசவாளரும் நூற்பவரும் துணிக்கு வண்ணம் தீட்டுபவரும் குடியேற்றப்பட்டு சிந்தாதிரிப்பேட்டை உண்டாயிற்று. அதைச் சின்னத் தறிப்பேட்டை என்று வழங்கினார்கள். இன்று அந்தத் தெருக்களில் வாடகைக்கு இருக்கும் நம்மவர்கள், தாங்கள் பழைய சாயக்காரர்களின் மண்ணில் குடியிருப்பதை அறிவார்களோ என்னவோ!

இங்கிருந்து கப்பலேறிய பூத்துணி ஐரோப்பாவை மயக்கிற்று. நாலு முறை துவைத்தாலும் நிறம் போகாத துணியை அவர்கள் அதுவரை கண்டதில்லை. உள்ளூர் நெசவாளர் பிழைப்பு கெட்டது. பிரான்சு தேசம் 1686-இல் அதைத் தடைசெய்து, 1759 வரை அந்தத் தடையை வைத்திருந்தது. இங்கிலாந்து 1701-இல் இறக்குமதியைத் தடுத்தது. 1721-இல் உடுத்துவதையும் பெரும்பாலும் தடுத்தது. 1719-இல் லண்டன் தெருக்களில் பட்டு நெசவாளர்கள், பூத்துணி உடுத்திச் சென்ற பெண்களைத் துரத்தி அவர்கள் உடையைக் கிழித்தார்கள். ஒரு பெண்ணின் சேலையைக் குறித்து ஆண்கள் கூடித் தீர்ப்புச் சொல்வது நம் சபைகளில்தான் தொடங்கிற்று என்று எண்ணவேண்டாம்!

இனி நான் சொல்லவிருப்பது நம்மில் அநேகர் கேள்விப்படாதது. பிரெஞ்சு தேசத்திலிருந்து வந்து நம் கரையோரத்தில் ஊழியம் செய்த சேசு சபைக் குருவானவர் கேர்து என்பவர், 1742-இல் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். துணியில் வண்ணம் தீட்டும் முறையை அதில் படிப்படியாக விவரித்திருக்கிறார். கடுக்காயும் எருமைப்பாலும் சாயவேரும் அதில் வருகின்றன. சில பொருட்களுக்கு நம்முடைய பெயரையே எழுதியிருக்கிறார். யாரிடம் கேட்டறிந்தார்? தம்மிடம் ஞானஸ்நானம் பெற்ற, அந்தத் தொழில் தெரிந்த கிறிஸ்தவர்களிடத்தில்! அவர்களைத் தனித்தனியாக விசாரித்து, சொன்னது ஒத்துப்போகிறதா என்று பார்த்து எழுதினார். ஆகவே ஏறக்குறைய முந்நூறு வருஷங்களுக்கு முன்பே, பூத்துணி எழுதிப் பிழைத்த விசுவாசிகள் நம் கரையில் இருந்தார்கள். சோழமண்டலக் கரையில் எழுதப்பட்டு அர்மேனியத் திருச்சபைகளில் திரையாகத் தொங்கிய துணிகளும் உண்டு.

அந்தக் கடிதத்தின் பின்விளைவு கசப்பானது. கேட்டவரிடம் கள்ளமில்லாமல் தொழிலைச் சொல்லிக்கொடுத்தார்கள் அந்த எளியவர்கள்; அந்த அறிவு கடல் கடந்து அச்சிலேறிற்று. 1760-இல் பிரான்சின் ஜூயியில் ஒபெர்காம்ப் என்பவர் துணி அச்சாலை தொடங்கினார். 1783-இல் தாமஸ் பெல் உருளை அச்சு இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த நூற்றாண்டில் இயந்திரத் துணி நம் சந்தைக்கே வந்து இறங்கிற்று. எழுதுகோல் பிடித்த கைகள் வேறு கூலிக்குப் போயின. ஸ்ரீகாளஹஸ்தியில் வேலை அற்றுப்போகும் நிலையிலிருந்தபோது, கமலாதேவி சட்டோபாத்யாயின் முயற்சியால் 1950-களின் இறுதியில் ஒரு பயிற்சி நிலையம் ஏற்பட்டது. அந்த மரபில் வந்த ஜொன்னலகட்ட குரப்பச் செட்டி 2008-இல் பத்மஸ்ரீ பெற்றார். புராணக் கதைகள் எழுதிய அதே ஊரார், கேட்டவர்களுக்குக் கிறிஸ்துவின் சரித்திரத்தையும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு மனச்சாட்சியின் கேள்வி எழும்பும். கோவில் திரைகளுக்கென்று வளர்ந்த வேலையை விசுவாசி உடுத்தலாமா? சந்தையில் விற்கப்பட்ட இறைச்சியைக் குறித்து அப்போஸ்தலனாகிய பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய ஆலோசனையை வாசித்துப் பாருங்கள் (1 கொரி. 10:25-29). விசாரித்துக்கொண்டிராமல் வாங்கலாம், ஆனால் அடுத்தவனுடைய மனச்சாட்சி புண்படுமானால் விட்டுவிட வேண்டும். என் அபிப்பிராயம் இதுதான்: தேவர்களின் உருவம் எழுதிய துணி நமக்கு வேண்டாம். கொடியும், மாங்காய் வடிவமும், தாமரையும், கிளியும், மயிலும் எழுதியதில் தோஷமொன்றுமில்லை. மயிலைப் படைத்தவர் யார்?

வேதம் வண்ணத்துக்கு விரோதமானதல்ல. ஆசரிப்புக்கூடாரத்தின் திரைகள் நீலமும் இரத்தாம்பரமும் சிவப்புமாய், கேருபீன் உருவங்களோடு நெய்யப்பட்டன (யாத். 26:1). அந்த வேலைக்குக் கர்த்தர் பெசலெயேலையும் அகோலியாபையும் பேர்சொல்லி அழைத்து ஞானம் அருளினார். யோசேப்பின் அங்கி பலவருணமானது. நீதிமொழிகள் 31-இன் குணசாலியான ஸ்திரீ தன் வீட்டாருக்குச் சிவப்பு உடை கொடுத்தாள். இரத்தாம்பரம் தானே உடுத்தினாள். பிலிப்பியில் முதலாவது இருதயம் திறக்கப்பட்ட லீதியாள், சாயத்துணி விற்று ஜீவனம்பண்ணினவள்.

அப்படியானால் 1 தீமோத்தேயு 2:9 எதைக் கண்டிக்கிறது? கூர்ந்து கவனியுங்கள். அங்கே பூவையும் நிறத்தையும் குறித்து ஒரு வார்த்தையும் இல்லை. விலையைக் குறித்து இருக்கிறது. நாம் இதைத் தலைகீழாக்கிக்கொண்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது. பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள வெள்ளைப் பட்டுச்சேலை உடுத்தி வருகிறவர்களைப் பரிசுத்தவான்கள் என்கிறோம். சில நூறு ரூபாய் பருத்தியில் பெரிய பூப்போட்டு வந்த ஏழைப்பெண்ணைத் தனியே அழைத்து எச்சரிக்கிறோம். பவுல் இங்கிருந்தால் யாரை அழைத்திருப்பார்?

கடைக்குப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். "கலம்காரி" என்று எழுதி விற்கப்படுவதெல்லாம் கலம்காரியல்ல. பாலியெஸ்டரில் இயந்திரம் அச்சடித்த துணிக்கும் அந்தப் பெயரையே சூட்டுகிறார்கள். துணியைத் திருப்பிப் பாருங்கள். கைவேலையில் நிறம் பின்பக்கமும் இறங்கியிருக்கும், மேலோட்டமான அச்சில் பின்பக்கம் வெளுத்திருக்கும். கோடுகள் எல்லாம் அச்சுப் பிசகாமல் ஒரே சீராயிருந்தால் சந்தேகப்படுங்கள். கையால் எழுதியதில் ஒரு பூவைப்போல் மறு பூ இராது. புதுத்துணியில் பாலும் கடுக்காயும் கலந்த ஒருவித வாடை வரும், இரண்டு அலசலில் போய்விடும். கையால் முழுவதும் எழுதிய சேலை சில நூறு ரூபாய்க்குக் கிடையாது. அந்த விலைக்குக் கிடைப்பது பெடனாவின் அச்சுத்துணியானால் அதுவும் நல்லதுதான்; வெயிலுக்கு ஏற்ற பருத்தி. இயந்திர அச்சை வாங்குவதும் பாவமல்ல. பொய்ப்பெயருக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம் என்பதே நான் சொல்வது. கடன் அட்டையில் வாங்கவும் வேண்டாம்.

உடுத்தும் முறையில் என் மனைவி சகோதரிகளுக்குச் சொல்வதை அப்படியே எழுதுகிறேன். சேலையில் பெரிய பூ இருந்தால் ரவிக்கை ஒரே நிறமாயிருக்கட்டும். ரவிக்கை கலம்காரியானால் சேலை வெறுமையாயிருக்கட்டும். பழைய வெள்ளைச் சேலைக்கே அது புதிய அழகு தரும். தாயும் மகளும் சமாதானமாய்ச் சேருமிடம் அதுவாகவும் இருக்கலாம். உயரம் குறைந்தவர்களுக்கு நெருக்கமான சிறு கொடிகள் பொருந்தும். சகோதரர்களும் வெள்ளைச் சட்டையை விட்டால் சாம்பல் நிறம் என்று இருக்கவேண்டியதில்லை. கட்டமிட்ட பருத்திச் சட்டைக்கு எந்த வசனமும் தடையாயில்லை.

துவைக்கும்போது முதல் மூன்று நான்கு முறை தனியே அலசுங்கள். சோப்புத்தூள் வேண்டாம், பூந்திக்கொட்டை ஊறிய நீர் போதும். முறுக்கிப் பிழியாமல், உட்புறம் வெளியே தெரியத் திருப்பி, நிழலில் உலர்த்துங்கள்.