வெண்பனியில் பயணமும் உறையுளும்

காஷ்மீரத்திலுள்ள குல்மார்க் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் அமைந்தது. குளிர்காலத்தில் அதனைச் சூழ்ந்த பீர் பஞ்சால் மலைச் சரிவுகள் யாவும் வெண்பனியால் மூடப்படுகின்றன. 1948ஆம் ஆண்டில் இந்திய ராணுவம் இங்கு நிறுவிய சறுக்குப் பயிற்சிப் பள்ளியே பிற்காலத்தில் உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளியாக வளர்ந்தது. இந்நாளில் கம்பிவட ஊர்தி ஒன்று பயணிகளை அபர்வத் மலையின் தோள் வரையில் ஏற்றிச் செல்கிறது. எனினும் வடம் முடியுமிடத்திற்கு அப்பால், தம் கால்வலியையே நம்பி மலைமீது ஏறி, பின்னர்ச் சறுக்கி இறங்குவோரும் உளர். இவர்களுடைய பயணமுறையும், வழியில் இருளோ புயலோ சூழ்ந்துகொண்டால் இவர்கள் உயிர்காக்கும் முறையுமே இங்கு விளக்கப்படுகின்றன.

தமிழில் ‘பனி’ என்னும் ஒரே சொல் மார்கழிக் காலையில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியையும் குறிக்கும். இமயத்தின் மீது பொழியும் வெண்துகளையும் குறிக்கும். பனிமழை பெய்யாத நாட்டில் இது இயல்பே. குழப்பத்தைத் தவிர்க்கும் பொருட்டு, வானினின்று பொழிவதை வெண்பனி என்றும், நீர் உறைந்து இறுகியதைப் பனிக்கட்டி என்றும் இக்கட்டுரை வழங்கும். இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு சொல்லளவில் முடிவதன்று. உறையுள் அமைப்பதன் விஞ்ஞானம் முழுவதும் அதிலேயே அடங்கியுள்ளது.

புதிதாகப் பொழிந்த வெண்பனியில் கால் வைப்பவன் முழங்கால் வரையில், சிற்சில இடங்களில் இடுப்பு வரையில், புதைகிறான். சறுக்குக் கட்டைகள் உடலின் எடையைப் பரந்த இடத்தின் மீது பகிர்ந்து விடுகின்றன. இரு காலணிகளின் அடிப்பரப்பைக் காட்டிலும் இரு கட்டைகளின் பரப்பு ஏறத்தாழ ஐந்து மடங்காகும். ஆகவே வெண்பனியின் மீதுள்ள அழுத்தம் ஐந்தில் ஒன்றாகக் குறைகிறது. 1888ஆம் ஆண்டில் நார்வே நாட்டினரான நான்சென் ஐந்து தோழர்களுடன் கிரீன்லாந்தைக் குறுக்காகக் கடந்தது இத்தகைய கட்டைகளின் துணைகொண்டே. அதன் பின்னரே ஆல்ப்ஸ் மலைவாழ் மக்களும் இக்கலையில் பெரிதும் ஈடுபட்டனர்.

இறங்குவதற்கு வழவழப்பு வேண்டும். ஏறுவதற்கு அது பகையாகும். இந்த முரண்பாட்டைத் தீர்ப்பது கட்டையின் அடியில் ஒட்டப்படும் ஒரு நீண்ட பட்டையாகும். முற்காலத்தில் கடல்நாயின் தோலைப் பயன்படுத்தியமையால் இதற்குத் ‘தோல்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. இப்பொழுது அங்கோரா ஆட்டு மயிராலோ நைலானாலோ இது நெய்யப்படுகிறது. இதன் மயிர்கள் யாவும் பின்னோக்கிப் படிந்துள்ளன. பூனையின் முதுகைத் தலையிலிருந்து வால் நோக்கித் தடவினால் கை வழுக்கிச் செல்லும். எதிர்த்திசையில் தடவினால் மயிர் தடுக்கும். அவ்வாறே கட்டை முன்னோக்கி வழுக்கும், பின்னோக்கிச் சரியாது. ஏறும்போது குதிகால் கட்டையினின்று விடுபட்டு உயர்ந்து தாழும்; உச்சியை அடைந்தபின் பட்டையை உரித்துச் சுருட்டி, குதிகாலைப் பூட்டிக்கொண்டு இறங்கலாம். நல்ல பழக்கமுடையோர் மணிக்கு 300 முதல் 400 மீட்டர் உயரம் ஏறுவர். நேராக ஏறுதல் அரிதாகலின் வளைந்து வளைந்தே பாதையிடுவர். அப்பாதையை எங்கு இடுவது என்பதே பயணத்தின் மிகக் கடினமான வினா.

பெரும்பாலான வெண்பனிச் சரிவுகள் 30 முதல் 45 பாகை வரை சாய்வுள்ள இடங்களிலேயே நிகழ்கின்றன. சறுக்குவோர் விரும்பித் தேடுவதும் ஏறத்தாழ இதே சாய்வுதான். சரிவுக்குக் காரணம் பெரும்பாலும் மேற்பரப்பில் தென்படுவதில்லை. குளிர்காலத் தொடக்கத்தில் பொழிந்த அடுக்கு மெல்லியதாயிருந்து, அதன் அடிப்பகுதி நிலத்தின் வெப்பத்தால் சுழியத்தை ஒட்டியும், மேற்பகுதி வானின் குளிரால் மிகத் தாழ்ந்த உஷ்ணநிலையிலும் இருக்குமாயின், அடியிலிருந்து நீராவி மேலெழுந்து துகள்களை ஒன்றோடொன்று பற்றாத பெரிய படிகங்களாக மாற்றிவிடுகிறது. கையில் அள்ளினால் சர்க்கரையைப் போல் உதிரும். இந்த உதிரி அடுக்கின் மீது பின்னர்ப் பொழியும் கனத்த வெண்பனி, உருளும் மணிகளின் மீது வைத்த பலகைக்கு ஒப்பாகும். ஒரு மனிதனின் எடையே அதனை உடைக்கப் போதும். குளிர் மிகுந்தும் வெண்பனி குறைந்தும் உள்ள காரகோரப் பகுதியில் இவ்வடுக்கு எளிதில் உண்டாகிறது. வெண்பனி மிகுதியாகப் பொழியும் பீர் பஞ்சால் பகுதியில் புயலின்போதும் அதனையடுத்த ஓரிரு நாட்களிலும் அபாயம் மிகுதி. 2010ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் குல்மார்க்கை அடுத்த கிலன்மார்க்கில் பயிற்சியிலிருந்த வீரர்கள் மீது சரிவு விழுந்ததில் 17 பேர் மாண்டனர்.

சரிவில் புதையுண்டவன் பெரும்பாலும் குளிரால் இறப்பதில்லை; மூச்சடைத்தே இறக்கிறான். முதல் பத்து நிமிடங்களுக்குள் தோண்டியெடுக்கப்படுவோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைக்கின்றனர். அரை மணி கடந்தால் பிழைப்போர் சிறுபான்மையரே. ஆகவே தொலைவிலிருந்து வரும் உதவியை நம்பிப் பயனில்லை. உடன் வந்தவரே மீட்க வேண்டும். இதன் பொருட்டே ஒவ்வொருவரும் வானொலிக் குறிகளை அனுப்பவும் ஏற்கவும் வல்ல சிறு கருவியையும், ஆழம் பார்க்கும் கோலையும், மண்வாரியையும் சுமந்து செல்லல் வேண்டும். விதிவிலக்கும் உண்டு. 2016ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் சியாச்சினில் மதராஸ் படைப்பிரிவைச் சேர்ந்த 10 வீரர்களின் காவல் நிலையம் புதையுண்டது. அவர்களுள் தமிழ்நாட்டினரும் இருந்தனர். பிப்ரவரி 8ஆம் நாள், ஏறத்தாழ 25 அடி ஆழத்தில் ஒருவர் உயிருடன் காணப்பட்டார். சிதைந்த கூடாரத்தினுள் எஞ்சிய காற்றறையே அவரைக் காத்ததெனக் கருதப்பட்டது. மூன்று நாட்களுக்குப் பின் தில்லி மருத்துவமனையில் அவரும் உயிர் துறந்தார்.

கொல்லும் அதே பொருள் காக்கவும் வல்லது. புதிய வெண்பனியின் கன மீட்டர் ஒன்றின் எடை 50 முதல் 100 கிலோகிராம் வரை. பனிக்கட்டியின் எடையோ 917 கிலோகிராம். எஞ்சிய இடம் முழுவதும் துகள்களிடையே சிறைப்பட்ட காற்றே. அசைவற்ற காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. கம்பளி உடலைக் காப்பதும் இதனாலேயே. உறையுளுக்குரிய இறுகிய வெண்பனி, அதே கனமுள்ள செங்கற் சுவரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கும், பனிக்கட்டியைவிடப் பத்து மடங்கும் வெப்பத்தைத் தடுக்கிறது.

இதனைக் கணக்கிட்டும் காணலாம். உட்புற விட்டம் இரண்டரை மீட்டரும் சுவர்க்கனம் 30 சென்டிமீட்டரும் உள்ள அரைக்கோள உறையுளின் உட்பரப்பு ஏறத்தாழ 10 சதுர மீட்டர். வெளியே சுழியத்திற்குக் கீழ் 20 பாகை சென்டிகிரேடும், உள்ளே சுழியமும் நிலவுமாயின், சுவர் வழியே வெளியேறும் வெப்பம் 130 வாட் அளவினதே. ஓய்வாக அமர்ந்துள்ள மனிதன் 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறான். எனவே இருவர் உள்ளிருந்தால், காற்றுத்துளை வழியே சிறிது இழந்தபோதிலும், நெருப்பின்றியே உறையுள் உறைநிலையை ஒட்டி நிற்கும். சுழியம் என்பது சென்னைவாசிக்கு நடுக்கந் தரும் அளவேயாயினும், வெளியே காற்று வீசும் மலைமுகட்டோடு ஒப்பிட்டால் அது அடைக்கலமே.

வடதுருவப் பகுதியின் இன்யூட் மக்கள் காற்றால் இறுகிய வெண்பனியை நீண்ட கத்தியால் பாளங்களாக அறுத்து, சுருள் வடிவில் உட்சாய்த்து அடுக்கி, குவிமாடம் அமைப்பர். இதற்குக் கைத்தேர்ச்சி வேண்டும். ஏற்ற வெண்பனியும் வேண்டும். மலைப்பயணிக்கு எளியது, காற்று ஒதுக்கிக் குவித்த ஆழ்ந்த குவியலில் குகை குடைதலேயாகும். அக்குவியலும் அதற்கு மேலுள்ள இடமும் சரிவுக்கு இலக்காகாதவை என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். இருவர் தோண்டினால் இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். ஆதலால் வெளிச்சமும் வலிமையும் உள்ளபோதே நின்றுவிடுதல் நலம். இன்னும் சிறிது தூரம் என்று நடந்து, களைத்த பின் தோண்டத் தொடங்கியோர் பலர் இடருற்றனர். வியர்வையால் நனைந்த உடை இரவில் பெரும் பகையாதலின், மேலாடையைக் களைந்து நிதானமாகத் தோண்டுவதே முறை.

வாயில் தாழ்ந்தும் படுக்கைமேடை உயர்ந்தும் இருத்தல் இன்றியமையாதது. குளிர்ந்த காற்று கனமுடையதாகலின் தாழ்ந்த வாயிலின் வழியே வடிந்துவிடும். உடலால் வெப்பமுற்ற காற்று மேடையின் மீது தங்கும். கூரையின் உட்புறத்தை வளைவாக வழித்து மழமழப்பாக்க வேண்டும். அங்ஙனமாயின் உருகும் நீர் சுவர் வழியே வழிந்து உறையும். ஒரு மேடு எஞ்சினாலும் அதிலிருந்து இரவு முழுவதும் சொட்டும். வெண்பனியின்மீது நேரே படுத்தலும் தகாது. கயிறு, வெற்று முதுகுப்பை, கிடைத்தது எதுவாயினும் அடியில் விரித்துக்கொள்ளல் வேண்டும்.

எல்லாவற்றினும் மேலாகக் கருதத்தக்கது காற்றுத்துளை. கைம்முட்டி அளவுள்ள துளையைக் கூரையில் இட்டு, சறுக்குக்கோலை அதிற் செருகி வைத்து, அவ்வப்போது அசைத்துத் துப்புரவாக வைத்திருத்தல் வேண்டும். சுவரின் உட்புறம் உருகி உறைந்து கண்ணாடிபோல் ஆகுந்தோறும் அதனூடே காற்றுப் புகுதல் குறைகிறது. வெளியில் பெய்யும் பனியோ வாயிலையும் அடைக்கிறது. இந்நிலையில் அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு சேரும். அவ்வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை; இரத்தத்தின் சிவப்பணுப் பொருளைப் பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலிமையாகப் பற்றிக்கொள்வது. முதலில் தலைவலியும் தூக்கக் கலக்கமும் தோன்றும். களைத்த பயணி இவற்றை உயரத்தாலும் உழைப்பாலும் வந்தனவென்று எண்ணி உறங்கிவிடுகிறான். ஆதலால் அடுப்பை வாயிலருகே வைத்து நீர் உருக்கியவுடன் அணைத்துவிடுதலும், ஒருவர் விழித்திருந்து துளையைக் கவனித்தலும் வழக்கம்.

மண்வாரியை வெளியே விட்டுவைத்தல் ஆகாது. விடியலில் வாயிலைத் தோண்டித் திறக்க அது உள்ளேயே இருத்தல் வேண்டும். சறுக்குக் கட்டைகளை உறையுளின் மேல் நிறுத்தி வைத்தால், தேடி வருவோருக்கு அடையாளமாகும். புறப்படுமுன் கூரையை மிதித்து உடைத்துவிடுவதும் பழக்கமுடையோரின் வழக்கம். புதுப்பனி மூடிய குழியைக் காணாமல் மற்றொருவன் அதன்மேல் சறுக்கி வரக்கூடும்.